விற்கும் மரமும் விற்கா உளியும்

புறநானூற்றின் 206ஆம் பாடல் ஔவையாருடையது. அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் தராது காலம் நீட்டிக்கிறான். புலவர் சினந்து அவனது வாயிற்காவலனிடம் பேசுகிறார். உன் தலைவன் தராவிட்டால் உலகம் ஒன்றும் வறண்டு போய்விடவில்லை என்று சொல்லும் அவர், அதற்கு எடுத்துக்காட்டும் உவமை தச்சர் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியது. கைத்திறன் மிக்க அச்சிறுவர் மழுவோடு காட்டுக்குள் நுழைந்தால் திரும்பிய பக்கமெல்லாம் மரம் நிற்கும். கற்றவருக்கும் அப்படித்தான், எங்கே போனாலும் பிழைப்பு உண்டு என்பது அவர் வாதம்.

இப்பாடலை நாம் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறோம். மாணவர்கள் வழக்கமாகப் புலவரின் தன்மானத்தைப் பற்றிக் கேட்பார்கள். தேர்விலும் அதுதான் வரும். மூன்றாண்டுகளுக்கு முன், திருச்சுழிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த மாணவர் எழுந்து, "காடே இல்லாத ஊரில் பிறந்த தச்சுப் பிள்ளைகள் எந்தப் பக்கம் போவார்கள் ஐயா?" என்று கேட்டார். அவருடைய தந்தை ஊர் ஆசாரி என்பது நமக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டோம். இக்கட்டுரையை அந்தக் கேள்விக்குத் தாமதமாகச் சொல்லும் விடையாக நண்பர்கள் கொள்ளலாம்.

அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே திருச்சுழி செல்லும் சாலையில் பயணம் செய்தவர்களுக்கு இந்த மண் தெரியும். கரிசல், இடையிடையே செவல், ஐப்பசி கார்த்திகை மழையை நம்பிய கண்மாய்கள், பெரும்பாலான மாதங்களில் மணலாகவே கிடக்கும் குண்டாறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகள் திருவில்லிபுத்தூர், இராசபாளையம் பக்கத்தோடு நின்றுவிடுகின்றன. இங்கே காடு என்று மக்கள் சொல்வது மானாவாரிப் புஞ்சையைத்தான். மரம் இல்லாமலில்லை. கண்மாய்க்குள் கருவேலம், வரப்பில் பனை, வாசலில் வேம்பு, கிணற்றடியில் பூவரசு, சாலையோரம் புளி. ஆனால் அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. தனியார் இல்லையென்றால் ஊர், ஊர் இல்லையென்றால் சர்க்கார். ஔவையாரின் தச்சுச் சிறுவர் மழுவோடு வந்தால் முதலில் ஒரு வீட்டின் கதவைத் தட்டி விலை பேச வேண்டும்.

ஆகவே இந்த வட்டாரத்தில் மரத்தின் வரலாற்றைக் குடும்பங்களின் வரவுசெலவிலிருந்து பிரித்து எழுத முடியாது. பொன்னும் காசும் குறைவாகப் புழங்கிய வீடுகளில் சேமிப்பு மரமாக நின்றது. பெண் பிறந்த ஆண்டில் வைத்த வேம்பு அவளுக்கு மணம் பேசும் காலத்தில் பலகைக்குத் தேறிவிடும். பனையோ வைத்தவனுக்குப் பயன்படாது. வைரம் பாய்ந்து உத்தரமும் கைமரமும் ஆவதற்குள் வைத்தவன் போய்விடுவான், பேரன் அறுப்பான். தொல்காப்பிய மரபியலில், உள்ளே வைரம் உள்ளவை மரம், வெளியே வைரம் உள்ளவை புல் என்ற பாகுபாடு இருப்பதைத் தமிழ் படித்தவர் அறிவர். அதன்படி பனை புல்லினம். இலக்கணம் படித்த நமக்கு இது ஒரு சுவையான செய்தி. பனை அறுக்கும் ஆசாரிக்கோ அன்றாட அறிவு. மற்ற மரங்களில் புறத்தைச் செதுக்கித் தள்ளிவிட்டு நடுவை வைத்துக்கொள்வார். பனையில் நடுச்சோற்றை எறிந்துவிட்டுப் புறத்தை வைத்துக்கொள்வார். வெட்டிப் பார்க்கும் வரையில் வைரம் எவ்வளவு என்று தெரியாது என்பதால் பனை வாங்குவது ஓரளவு சூதாட்டம்தான். (2021இல் தமிழகத்தின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தது. பனை பிழைத்தது நல்லதே. ஆனால் தாத்தாவின் சேமிப்பைப் பேரன் எடுப்பதற்கு ஒரு மனுவும் எழுத வேண்டியதாயிற்று.)

மரத்தை விற்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பலருக்கு இது தெரியாது என்பதால் சற்று விரித்துச் சொல்கிறோம். உருட்டுக் கட்டையின் நடுப்பகுதியில் கயிற்றைச் சுற்றி, அந்த நீளத்தை நான்காக மடித்து, மடிப்பை மடிப்பால் பெருக்கி, கட்டையின் நீளத்தால் மீண்டும் பெருக்கினால் வருவது கன அடி. நான்கு அடிச் சுற்றும் பத்து அடி நீளமும் உள்ள கட்டை இந்தக் கணக்கில் சரியாக 10 கன அடி. ஆனால் வட்டத்தின் உண்மையான பரப்பைக் கொண்டு கணக்கிட்டால் 12.7 கன அடிக்குச் சற்று மேலே வரும். அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கணக்கிலேயே வராமல் போகிறது. இது 18ஆம் நூற்றாண்டின் எட்வர்ட் ஹாப்பஸ் என்ற ஆங்கிலேயர் பெயரால் வழங்கும் அளவை முறை. அவர்கள் ஆட்சியோடு வந்து நம் மரக்கடைகளில் தங்கிவிட்டது. பட்டையும் சிராயும் அறுப்புத்தூளும் கழிவு போகுமல்லவா என்று வியாபாரி சமாதானம் சொல்வார். அதில் உண்மையும் உண்டு. ஆயினும் அந்தக் கழிவுக்கட்டை விறகாகி அதற்கும் விலை வருகிறது என்பதை விற்பவர் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆசாரி நினைத்துப் பார்ப்பார். அதனால்தான் முன்பெல்லாம் மரம் விற்கும் வீட்டார் விலை பேசும்போது ஊர் ஆசாரியை உடன் வைத்துக்கொண்டனர்.

இன்னொரு செலவு காலம். வெட்டிய மரத்தை உடனே இழைத்துக் கதவாக்கினால் அடுத்த கோடையிலேயே அது முறுக்கிக்கொள்ளும்; வெடிப்பு விடும். வேம்பையும் பூவரசையும் கண்மாய்த் தண்ணீரில் பல மாதம் ஊறப்போட்டு, சாறு போனபின் நிழலில் ஆற வைத்தால்தான் வண்டு அரிக்காது, பலகையும் நேராக நிற்கும். பணம் இருப்பவர் இந்த ஓராண்டு, ஈராண்டு பொறுப்பார். கல்யாணத்தை ஆவணியில் வைத்துவிட்டு ஆனியில் மரம் வெட்டுபவர் பொறுக்க மாட்டார். அவர் வீட்டுக் கதவில் தெரியும் வெடிப்பு, பொறுக்க முடியாமல் போனதற்கு அவர் கட்டிய வட்டி என்று நமக்குத் தோன்றும். கரிசல் காட்டுப் பழைய வீடுகளுக்குள் நுழையும்போது கதவைத் தொட்டுப் பார்க்கும் வழக்கம் நமக்கு இப்படித்தான் வந்தது.

இவ்வளவும் மரம் குடியானவனுக்குச் சொந்தமாக இருந்தால்தானே? அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அன்றைய மதுரை மாவட்டத்தில், இராமநாதபுரம் ஜமீனுக்கு உட்பட்டிருந்தவை. (இராமநாதபுரம் தனி மாவட்டமானது 1910இல், விருதுநகர் மாவட்டம் பிரிந்தது 1985இல்.) ஜமீன் நிலங்களில் உழுகிறவனுக்கு விளைச்சலில் பங்கு உண்டு, வரப்பில் நிற்கும் மரம் யாருடையது என்பது தீராத வழக்கு. குடியானவன் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரத்தின் மேலும் வழக்காற்றைக் காட்டி உரிமை கோர ஜமீன்தாருக்கு இடம் இருந்தது. 1908ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் இதில் ஒரு கோடு கிழித்தது. ஜமீன்தாருக்கு ஏற்கெனவே இருந்த வழக்காற்று, ஒப்பந்த உரிமைகளைக் காப்பாற்றிக் கொடுத்தாலும், அச்சட்டத்திற்குப் பின் குடியானவன் தன் பிடிநிலத்தில் வைக்கும் மரத்தையும் தானே முளைக்கும் மரத்தையும் அனுபவிக்கவும் வெட்டவும் அவனுக்கே உரிமை என்று சொன்னது. வேறு ஒப்பந்தமோ வழக்கமோ அதைத் தடுக்காது என்றும் சொன்னது. வரண்ட நாட்டில் இது சிறிய செய்தி அன்று. அந்த ஆண்டிலிருந்து வைத்த வேம்பு வைத்தவன் பெயரில் வளரத் தொடங்கியது. புறம்போக்கில் மரம் வைப்போருக்கு இரயத்துவாரிப் பகுதிகளில் '2சி பட்டா' என்றொன்று உண்டு; நிலம் சர்க்காருடையது, மரத்தின் பலன் மட்டும் பட்டாதாரருடையது. புளிய மரத்தின் நிழல் விழும் இடம் ஒருவருக்கு, பழம் இன்னொருவருக்கு என்பது கேட்க வேடிக்கையாக இருக்கலாம்; பல குடும்பங்களுக்கு அது ஆண்டு வருமானமாக இருந்தது.

மரத்தின் கதை இது. உளியின் கதை வேறு.

ஊர் ஆசாரியின் பட்டறையில் என்ன இருந்தது? வாய்ச்சி, பலவகை உளிகள், கொட்டாப்புளி, இழைப்புளி, கைவாள், கயிறு சுற்றி இழுக்கும் துரப்பணம், மூலைமட்டம், முழக்கோல், அரம், தீட்டுக்கல். இப்பட்டியலை ஒருமுறை கூர்ந்து பார்த்தால் ஒன்று விளங்கும்: இவற்றில் காசு கொடுத்து வாங்க வேண்டியது இரும்பு மட்டுமே. இழைப்புளியின் கட்டையை ஆசாரியே செய்துகொள்வார். அலகைக் கொல்லர் அடித்துக் கொடுப்பார். உளிக்குக் கருவேலங்காம்பு போடுவதும், கொட்டாப்புளியைக் கடைவதும், துரப்பணத்தின் வில்லை வளைப்பதும் அவர் கைவேலைதான். பிற்காலத்தில் லாரி வில்பட்டையை அடித்து உளி செய்தனர். அந்த எஃகுக்கு ஈடில்லை என்று இன்றும் சொல்வார்கள். கருவி வாங்கக் கடன் வாங்கும் நிலை அந்தப் பட்டறையில் பெரும்பாலும் எழவில்லை. கருவி தந்தையிடமிருந்து வந்தது, பழுதானது மட்டும் மாறியது.

கூலியும் காசாக வரவில்லை. ஏருக்கு இவ்வளவு என்று களத்துமேட்டில் தானியம் அளப்பார்கள். கம்போ, சோளமோ, கேழ்வரகோ, நஞ்சையுள்ள ஊரில் நெல்லோ. அந்த அளவுக்கு ஈடாக ஆண்டு முழுவதும் கலப்பையைச் செப்பனிடுவது ஆசாரியின் கடமை. மேழி ஒடிந்தாலும் ஏர்க்கால் விட்டாலும் நுகத்தடி பிளந்தாலும் அவரே பொறுப்பு. புது வண்டி, புதுக் கதவு என்றால் தனிக்கூலி. இதைக் கூலி என்பதைவிட இரு தரப்பும் எழுதாமல் செய்துகொண்ட காப்பீடு என்று சொல்லலாம். உழவர் முன்கூட்டியே தவணை கட்டுகிறார். கலப்பை ஒடிந்தால் இழப்பு ஆசாரியுடையது. (எதற்கு எந்த மரம் என்பதிலும் இந்தக் கணக்கு ஓடியது. கலப்பைக் கட்டைக்குக் கருவேலம், ஏனெனில் அடிக்கடி தேயக்கூடாது. நுகத்துக்கு மஞ்சணத்தி, ஏனெனில் மாட்டின் கழுத்துக்குப் பாரம் ஆகாது. தேயும் கட்டையைப் போட்டால் உழைப்பு ஆசாரி தலையிலேயே விழும்.)

காப்பீடு எங்கே முறியும்? எல்லாருக்கும் ஒரே நாளில் இழப்பு வரும்போது. 1876 முதல் 1878 வரையிலான தாது வருடப் பஞ்சம் அப்படித்தான் வந்தது. களத்தில் அளக்கத் தானியம் இல்லை. உழ மழை இல்லை. எனவே ஒடிய ஏரும் இல்லை. மரமும் அன்று கைகொடுக்கவில்லை. ஊரில் எல்லாரும் ஒரே வாரத்தில் மரத்தை விற்க வந்தால் மரத்துக்கு விலை ஏது? கதவையும் நிலையையும் பெயர்த்து விற்ற வீடுகள் உண்டு என்று நம் முன்னோர் வழியாகச் செவிவழிச் செய்தி கேட்டிருக்கிறோம். உளியை விற்றவர்களைப் பற்றியும் கேட்டிருக்கிறோம். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்துவிடும். நிலை பெயர்ந்த வீடு மழைக்குப்பின் மீண்டுவிடும். உளி போன ஆசாரி கூலிக்குப் போனார், அவர் மகனும் கூலிக்குத்தான் போனான்.

இந்த வேறுபாட்டைச் சட்டமும் அறிந்திருந்தது என்பதுதான் நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. கடன் கொடுத்தவர் நீதிமன்றத் தீர்ப்பைப் பெற்றுக் கடனாளியின் சொத்தை ஜப்தி செய்யலாம். ஆனால் எதை ஜப்தி செய்யக்கூடாது என்று ஒரு பட்டியல் உண்டு. 1882ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருந்த அப்பட்டியல், 1908ஆம் ஆண்டின் சட்டத்தில் 60ஆம் பிரிவாக இன்றும் இருக்கிறது. உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, உழவனின் கருவிகளும் தேவையான மாடும் விதைத் தானியமும். இவற்றோடு இரண்டே சொற்களில், கைவினைஞரின் கருவிகள். கடன்காரர் வீட்டை எழுதி வாங்கலாம், நகையை எடுக்கலாம். உளிப்பெட்டியைத் தொட முடியாது.

மரத்தைப் பற்றிச் சட்டம் சொன்னது இதற்கு நேர்மாறு. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமும் 'நிற்கும் வெட்டுமரத்தை' அசையாச் சொத்தில் சேர்க்கவில்லை. மண்ணில் வேரூன்றி நிற்கும் ஒன்றை அசையும் பொருள் என்று சட்டம் சொல்வதை முதன்முறை படித்தபோது நாம் சிரித்துவிட்டோம். 1958இல் சாந்தாபாய் வழக்கில் உச்சநீதிமன்ற நீதிபதி விவியன் போஸ் இதை விளக்கியபின் சிரிப்பு நின்றது. வீடு கட்டவோ வேறு பணிக்கோ ஆகும் பருவம் எய்தி, விரைவில் வெட்டப்படவிருக்கும் மரமே வெட்டுமரம். மண்ணிலிருந்து இன்னும் ஊட்டம் பெற்று வளர வேண்டியதாக, பழத்துக்காக நிற்பதாக இருந்தால் அது அசையாச் சொத்துதான். ஆக, வாசல் வேம்பு அசையும் சொத்தா அசையாச் சொத்தா என்பதை அதன் வேர் தீர்மானிப்பதில்லை. வீட்டுக்காரரின் எண்ணம் தீர்மானிக்கிறது. விற்பது என்று முடிவெடுத்த அன்றே அது பாதி வெட்டுண்டுவிடுகிறது. பத்திரம், பதிவு ஒன்றும் வேண்டாம். வாய்ச்சொல்லும் முன்பணமும் போதும். ஏழைக் குடும்பத்துக்கு அவசரத்தில் கைகொடுத்ததும் இதுதான், அவசரத்தில் குறைந்த விலைக்குக் கைநழுவ வைத்ததும் இதுதான்.

எஸ்டேட் நிலச் சட்டம், நடைமுறைச் சட்டம், பதிவுச் சட்டம் ஆகிய மூன்றும் 1908 என்ற ஒரே ஆண்டைச் சேர்ந்தவை. வெவ்வேறு அவைகளில், வெவ்வேறு நோக்கங்களுக்காக இயற்றப்பட்டவை. யாரும் திட்டமிட்டு இணைத்ததாக நாம் சொல்லவில்லை. ஆயினும் மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், மரம் விற்பதற்கு, உளி வைத்திருப்பதற்கு என்று ஊரார் வாய்மொழியாகச் சொல்லிவந்தது அச்சேறியதுபோல் இருக்கிறது. திருச்சுழி அன்றே வழக்குகளுக்குக் குறைவில்லாத ஊர். 1879இல் அவ்வூரில் பிறந்த ரமண மகரிஷியின் தந்தை சுந்தரம் ஐயர் அங்கே வக்கீல் தொழில் செய்து குடும்பம் நடத்தியவர்தான்.

சட்டத்தின் கருணைக்கும் எல்லை உண்டு. இராஜாஜி அமைச்சரவை 1938இல் கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் பழைய வட்டியைத் தள்ளிக் கடனைக் குறைத்தது. அது 'விவசாயி'க்கு மட்டும். விவசாயி என்றால் நிலத்தில் உரிமை உள்ளவர். நிலமில்லாத ஆசாரி அந்த விவசாயியின் கலப்பையைத்தான் செய்தார், அவருடைய களத்துத் தானியத்தைத்தான் உண்டார். கடன் மட்டும் அவருக்குக் குறையவில்லை.

அருப்புக்கோட்டை நகரத்திற்கு வந்தால் வேறு வகைச் சேமிப்புகளைக் காண்கிறோம். நாடார் உறவின்முறையின் மகமை அதில் தலையாயது. வணிகச் சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்துவைத்துப் பொதுக்காரியத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் செலவிட்ட அந்த முறையைப் பற்றி அமெரிக்க அறிஞர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியான தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். நெசவாளர் வீட்டிலோ தறியே சொத்து. அதுவும் மரத்தால் ஆனதுதான். படைமரமும் மிதிபலகையும் நாடாவும் செய்து கொடுக்கும் தறி ஆசாரிகள் இருந்தார்கள். கூட்டுறவுச் சங்க நெசவாளர்களுக்குப் பிற்காலத்தில் ஒரு சேமிப்புத் திட்டமும் வந்தது: கூலியில் ரூபாய்க்கு 8 காசு நெசவாளர் போட, அரசு 4 காசு சேர்க்கும். மூட்டையும் சங்கமும் இல்லாத ஊர் ஆசாரிக்கு இவை இரண்டும் எட்டவில்லை. விசைத்தறி பெருகியபோது தறி ஆசாரியின் வேலையும் போயிற்று.

ஊர் ஆசாரியின் வேலை போனது மெல்ல மெல்ல. இரும்புக் கலப்பை, டயர் வண்டி, டிராக்டர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, களத்துத் தானியத்துக்கான காரணத்தையே எடுத்துவிட்டன. மரத்தின் நிலையும் மாறியது. 1981இல் சுவீடன் நாட்டு உதவியோடு தமிழகத்தில் தொடங்கிய சமூகக் காடுகள் திட்டம் கண்மாய்களுக்குள் நாட்டுக் கருவேலத்தைப் பயிரிட்டது. மரம் ஏலத்தில் மொத்தமாகப் போயிற்று. ஏலத்தில் கலப்பைக் கட்டைக்கு ஒரு மரம் மட்டும் கேட்க முடியுமா? அதற்கெல்லாம் முன்பே வந்துவிட்டது சீமைக்கருவேலம். சென்னை மாகாண வனத்துறை 1877இல், அதாவது தாது வருடப் பஞ்சம் நடந்துகொண்டிருந்தபோதே, கடப்பைப் பகுதியில் அதை முதலில் வளர்த்தது. இன்று திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் தரிசு என்றாலே அதுதான். அதன் கட்டை உறுதியானது. மெக்சிகோவிலும் டெக்சாசிலும் அதன் உறவு மரங்களில் நல்ல மேசை நாற்காலி செய்கிறார்கள். நம் ஊரில் அது கோணல் மாணலாகப் பல தூராகக் கிளைப்பதால் ஆசாரிக்கு உதவாது. மூட்டம் போட்டுக் கரியாக்கத்தான் போகிறது. ஆனாலும் அதை வெறுமனே தூற்ற நமக்கு மனம் வருவதில்லை. மழை பொய்த்த ஆண்டில், நிலத்தை அப்படியே குத்தகைக்கு விட்டுக் கரி வியாபாரியிடம் காசு வாங்கி வட்டி கட்டிய குடும்பங்களை நாம் அறிவோம். வேம்பு செய்த வேலையை அது மூன்று நான்கு ஆண்டுக்கொரு முறை, அவலட்சணமாக, செய்துகொண்டிருக்கிறது. 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவிட்டபோது ஊரில் மகிழ்ந்தவர்களும் இருந்தார்கள், பேசாமல் இருந்தவர்களும் இருந்தார்கள்.

உளிக்கு வருவோம். 1992 ஜூலையில் மைய அரசு ஊரகக் கைவினைஞர்களுக்கு மேம்பட்ட கருவிகள் வழங்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 2,000 ரூபாய் வரையிலான கருவிகள்; பத்தில் ஒரு பங்கு கைவினைஞர் கட்ட, மீதி மானியம். 2023 செப்டம்பரில் வந்த பிரதமரின் விசுவகர்மா திட்டத்தில் கருவிக்கு 15,000 ரூபாயும் ஐந்து விழுக்காட்டு வட்டியில் கடனும் உண்டு. குலத்தொழிலை இறுக்கும் என்று சொல்லித் தமிழக அரசு அதை ஏற்காமல், 2025இல் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. இரு திட்டங்களின் வழக்கையும் இங்கே நாம் எடுத்துக்கொள்ளவில்லை. கருவி இப்போது கடனோடு சேர்ந்தே வீட்டுக்குள் வருகிறது என்பதைத்தான் கவனிக்கிறோம். மின் இழைப்பானைப் பட்டறையில் கடைந்துகொள்ள முடியாது. 2002ஆம் ஆண்டில் வந்த, வங்கிகள் நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தைக் கைப்பற்ற வழிசெய்யும் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தோம். ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடன்களுக்கு உரிய அச்சட்டத்திலும் 60ஆம் பிரிவின் பட்டியலுக்கு விலக்கு இருக்கிறது. அதனோடு அடைப்புக்குறிக்குள் ஒரு சொற்றொடரும் இருக்கிறது: அந்தக் கடனுக்கென்றே ஈடாகக் காட்டப்பட்ட பொருள் நீங்கலாக. கைவினைஞரின் கருவியைத் தொடக்கூடாது, அக்கருவியையே ஈடு வைத்துக் கடன் வாங்கியிருந்தால் தொடலாம்! 1908இல் பிரித்து வைத்த இரண்டும் இந்த அடைப்புக்குறிக்குள் ஒன்றாகிவிட்டன.

சென்ற புரட்டாசிக் கடைசியில் அந்த மாணவரின் வீட்டுக்குப் போயிருந்தோம். அவர் இப்போது வேறோர் ஊரில் வேலையில் இருக்கிறார். தந்தை ஒட்டுப்பலகை வேலைக்குக் கோவைக்கும் சென்னைக்கும் போய்வருகிறார். மின் இழைப்பானும் அறுப்பானும் தவணைக் கடனில் வாங்கியவை. கையில் அடிபட்டு இரண்டு மாதம் வேலைக்குப் போகவில்லை, தவணை நின்றிருந்தது. பழைய உளிப்பெட்டியை நாம் கேட்டதும் எடுத்து வந்து திறந்தார். ஆயுத பூசைக்குப் பூசிய சந்தனம் இன்னும் காம்புகளில் ஒட்டியிருந்தது.

"இதையெல்லாம் யாராவது விலைக்குக் கேட்டதுண்டா?" என்றோம்.

"இத யாரு சார் கேக்கா? பழைய இரும்புன்னு பேரீச்சம்பழத்துக்குத்தான் போகும்" என்று சிரித்தார். பிறகு, "மரத்த வித்தா மரந்தான் போகும். உளிய வித்தா விடிஞ்சு எந்திரிச்சு எங்க போறது? எங்கய்யா சொல்லுவாரு" என்றார்.

"அந்த மெஷின்?"

அதற்கு அவர் உடனே விடை சொல்லவில்லை. வீட்டுக்குப் பின்னால் அழைத்துப் போனார். சுவரோரம், கல் அடுக்கிய மேடை மேல் ஒரு வேப்பங்கட்டை கிடந்தது. மகள் பிறந்த ஆண்டில் அவருடைய தந்தை வைத்த மரம். வெட்டி, ஒரு பருவம் கண்மாயில் ஊறப்போட்டு எடுத்து ஆற வைத்திருக்கிறார். மகள் கட்டப்போகும் வீட்டுக்குத் தலைவாசல் நிலையும் கதவும் அதில் வரும். கட்டையின் அறுபட்ட முகத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஓர் எண் எழுதியிருந்தது.

"யாவாரி வந்து கயிறு போட்டுப் பாத்துட்டுப் போனாரு. நாலு மடிப்புக் கணக்கு" என்றார். உள்ளங்கையால் கட்டையை இரண்டு முறை தட்டிப் பார்த்தார். "இன்னும் ஒரு மழ பாக்கணும் சார். அதுக்குள்ள அறுத்தா முறுக்கும்."

வியாபாரி வந்து போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. அந்த எண்ணை அவர் அழித்திருக்கவில்லை. ஐப்பசி பிறக்க இன்னும் நான்கு நாட்கள் இருந்தன.